மருந்து போட்ட கிணறு

"கோயில் கிணத்துல நாங்களும் தண்ணி எடுக்கணும், சாமி."

நான் இதைச் சொன்னதும் சாமியார் பங்களா வராந்தாவில் பேச்சு நின்றது. பங்குச் சாமியார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். நாட்டாமை இன்னாசி என்னைப் பார்க்கவில்லை. வராந்தாவுக்குக் கீழே வெயிலில் நின்ற என் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"என்ன சந்தியாகு, டீச்சரம்மா என்னமோ கேக்குதே."

"சின்னப்புள்ள ஐயா. தெரியாமப் பேசிருச்சு."

"தெரிஞ்சுதான் பேசுறேன்" என்றேன்.

காரைக்குடிக் கல்லூரியில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். எங்கள் தெருவில் முதல் பட்டம் அது. கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று ஆத்தா என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னாள்: "எதை வேணும்னாலும் கேளு சலேத்து. கிணத்த மட்டும் கேட்டுறாத." அவள் கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் தெருக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த வருஷம் முழுக்க எங்கள் ஆட்களை யாரும் வயலில் இறக்கவில்லை. கேட்டவர் குடும்பத்தோடு கொழும்புக்குக் கப்பலேறினார். அதோடு அந்தப் பேச்சை எடுக்க ஆளில்லை.

அரசங்காட்டில் எல்லாருமே கத்தோலிக்கர்கள்தான். மேலத்தெருவில் நிலம் உள்ளவர்கள். தெற்குத்தெருவில் நாங்கள், அந்த நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள். ஊர் எங்களைச் சேரி என்னும். சாமியார்கள் மட்டும் மரியாதையாகத் தெற்குத்தெரு என்பார்கள். செபஸ்தியார் கோயிலுக்குள் நடுக்கூடம் மேலத்தெருவுக்கு, தெற்குச் சிறகு எங்களுக்கு, இடையில் ஒரு மரக் கிராதி. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்துவிட்டது. பீடத்தைச் சனங்கள் பக்கம் திருப்பிப் போட்டாயிற்று. கிராதியை யாரும் அசைக்கவில்லை. ஞானஸ்நானத் தொட்டி இரண்டு தெருவுக்கும் ஒன்றுதான். கோயில் முற்றத்துக் கிணறு மட்டும் இன்னும் வேதத்துக்கு வரவில்லை. மேலத்தெரு அதில் இறைத்துக் குடித்தது. நாங்கள் ஊருணியில் மொண்டு குடித்தோம். மாடும் அங்கேதான் குடித்தது, துணியும் அங்கேதான் வெளுத்தோம்.

ஐப்பசி மழையோடு வாந்திபேதி வந்தது. மெட்ராஸில் வந்தது, மதுரையில் வந்தது என்று பேப்பரில் படித்தோம், பிறகு எங்கள் தெருவில் வந்தது. கூட்டம் கூடக் கூடாது என்று சுகாதார இலாகா உத்தரவு போட்டுக் கோயிலை மூடச் சொன்னது. சாமியார் உள்ளே தாழ்போட்டுக்கொண்டு தனியாகப் பூசை வைத்தார். அப்பத்தைத் தூக்கிக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில் மணி அடிப்பார். சத்தம் கேட்கிற வீடுகளில் முழங்காலில் நிற்பார்கள். காற்று மாறி அடித்தால் எங்கள் தெருவுக்குக் கேட்காது. கிறிஸ்மஸ் அப்படித்தான் போயிற்று.

அதற்கு முன்பே ஆத்தா போய்விட்டாள். காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனோம். மறுநாள் காலையில் உடம்பைக் கொடுக்கவில்லை. முனிசிபாலிட்டி ஆட்களே எங்கேயோ கொண்டுபோய்ப் பொடியைத் தூவிப் புதைத்துவிட்டார்கள். என் அப்பாதான் இந்தப் பங்குக்கே குழி வெட்டுகிறவர். மேலத்தெருவுக்கும் அவர்தான், எங்களுக்கும் அவர்தான். ஊருக்கெல்லாம் வெட்டிய மனிதர் தன் பெண்டாட்டிக்கு வெட்டவில்லை. சாமியார் இல்லை, சிலுவை இல்லை, ஒரு பிடி மண் போடவில்லை. அன்றிலிருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று, ஆத்தா பெயரைச் சொல்லி ஒரு பூசை.

தை பிறந்ததும் சாக்கோட்டையிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் நாகநாதன் வந்தார். நல்ல மனிதர், ஓயாமல் வேலை பார்ப்பவர். கோயில் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். இரண்டு தெருவுக்கும் ஊசி போட்டார். புது நோயாளி யாரும் இல்லை, செபஸ்தியார் திருவிழாப் பூசையை நடத்திக்கொள்ளலாம் என்றார். தீர்த்தத் தொட்டி காய்ந்தே இருக்க வேண்டும், ஊர் கூடிச் சாப்பிடும் அசனம் கூடாது, ஒருத்தருக்கு வந்தாலும் உடனே தனக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. கையைக் கழுவிக்கொண்டே, "கிணத்துல மருந்து போட்டாச்சு. இனிமே ஊர் முழுக்க அந்தத் தண்ணியக் குடிக்கிறதால பயமில்ல" என்றார்.

ஊர் முழுக்க. அவர் வெளியூர்க்காரர். ஒரே சாமியைக் கும்பிடுகிற ஊரில் ஒரே கிணறுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நாட்டாமை அருகில் நின்றார். சாமியார் நின்றார். யாரும் அவரைத் திருத்தவில்லை. நான் பள்ளிக்கூட வாசலில் இருந்தேன். வாயைத் திறப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

அதைத்தான் இன்று பேச வந்தேன். திருவிழா ஏற்பாட்டைப் பேச எங்கள் தெருவிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். பங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்பதால் எனக்கு வராந்தாப் படிவரை இடம் உண்டு.

"மொதல்ல விஷயத்தக் கேளு" என்றார் நாட்டாமை. "சிறகுல முன்ன மாதிரி நெருக்கி உக்காரக் கூடாதுல்ல. அதனால உங்க ஆளுகளுக்கு முத்தத்துல பந்தல் போடுறோம். காத்தோட்டமா இருக்கும். சாமி நன்மை அப்பத்தக் கடைசியா வெளிய கொண்டாந்து கொடுப்பாக."

"நடுக்கூடத்துக்குக் காத்தோட்டம் வேண்டாமா?"

"அங்க சன்னல் இருக்குல்ல."

"சீக்கு எங்க தெருவுலருந்து வந்துச்சுன்னுதானே வெளிய உக்கார வைக்கிறீக. எங்க தெருவுக்கு அது எதுலருந்து வந்துச்சு? ஊருணியிலருந்து. உங்க தெருவுல ஏன் வரல? நீங்க அதைக் குடிக்கல. கிணத்தத் திறந்து விடுங்க, நாங்க பந்தல்ல உக்காந்துக்கிறோம். இல்லைன்னா இன்ஸ்பெக்டர்கிட்ட உள்ளதச் சொல்லுங்க."

சாமியார் நெற்றியைத் தேய்த்தார். திண்டுக்கல் பக்கத்துக்காரர். வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. "சலேத்து, நீ சொல்றது ஞாயம். ஆனா இப்ப வேண்டாம். மூணு மாசம் கழிச்சுக் கோயில் தொறக்குது. சமாதானமாத் தொறக்கட்டும். திருவிழா முடிஞ்சதும் பேசுவோம்."

"திருவிழாவுக்குள்ள யாருக்காச்சும் வந்துருச்சுன்னா?"

"வராது" என்றார் நாட்டாமை, செபஸ்தியார் அவரிடம் சொல்லியனுப்பியதைப் போல. பிறகு அப்பாவிடம், "டீச்சரு வேலை இன்னும் பெர்மனென்ட் ஆகலல்ல?" என்றார்.

அப்பா முன்னே நடக்க, வீடு திரும்பினோம். எங்கள் படலைத் திறக்கும்போது சொன்னார்: "உங்க ஆத்தா இருந்திருந்தா உன் வாயில சூடு போட்டுருப்பா."

ஞாயிற்றுக்கிழமை திருவிழா. வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தைக்கு வந்துவிட்டது.

அப்பாவின் அக்கா அருளாயி, அடுத்த வீட்டில் தனியாக இருப்பவள். வைக்கோல் போட்டுவிட்டு வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் வாந்தி, பிறகு அரிசி கழுவிய தண்ணீராகப் போயிற்று. எனக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, ஆத்தாவுக்கும் இப்படித்தான் போனது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் அத்தை. ஊசி வழியா உப்புத் தண்ணி ஏத்துனா சரியாயிரும்."

"ஒங்காத்தா போனாளே, அவளுக்கு ஏத்துனாகளா?"

"ஆத்தாவ நாம லேட்டாக் கொண்டு போனோம்."

"நான் லேட்டாவும் போகல, சீக்கிரமாவும் போகல." கஞ்சியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "கோயில்ல செபஸ்தியாரு செலையப் பாத்தியா, ஒடம்பெல்லாம் அம்பு. மனுசன் நின்னுக்கிட்டுத்தானே இருக்காரு. எனக்கு வயித்துல ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கும். வெளிய சொல்லிறாதடி. சொன்னா மறுபடி பூட்டிருவாக. செத்தவுக பேர வாசிக்க மாட்டாக. ஒங்காத்தா பூசை போச்சு."

அப்பா வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அக்காவே சொல்லுதுல்ல" என்றார்.

இதுதான் எங்கள் சனம். மூன்று மாதமாக நன்மை வாங்காமல் காய்ந்து கிடந்தவர்கள், நோயை மறைத்தாவது பூசைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஒருவர் வாய் திறக்கவில்லை. கோழிச்சண்டைக்குக்கூட மேலத்தெருவரை கேட்கக் கத்துகிற தெரு அது. அத்தை துணிகளை இருட்டுவதற்குள் ஊருணியில் அலசப்போன பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்தேன். "அப்ப எங்க அலசுறது, ஒன் காலேசுலயா?" என்றாள். குழி தோண்டி எரித்தேன்.

தெரு மறைத்ததை நாட்டாமை எப்படியோ தெரிந்துகொண்டார். சனிக்கிழமை காலையில் தெருமுனைவரை வந்து, துண்டால் மூக்கை மூடிக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டார். நானும் போனேன்.

"உன் அக்காளுக்கு ஒடம்பு சரியில்லையாமே."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார்.

"நான் கேள்விப்படல. நீயும் சொல்லல. அம்புட்டுத்தான்." அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "தேவகோட்டையிலருந்து சம்மந்தகாரவுகள்லாம் வாராக. சப்பரம் சோடிச்சாச்சு. ஒரு நாள் கழியணும். சந்தியாகு, உன் சம்சாரம் பேர மொதப் பேரா வாசிக்கச் சொல்லியிருக்கேன். நீ பந்தல்ல உக்கார வேண்டாம். நடுக்கூடத்துல மொதத் தூணுக்கிட்ட மெழுகுதிரியப் பிடிச்சுக்கிட்டு நில்லு. யாராச்சும் ஏதாச்சும் சொன்னா நான் பாத்துக்கிறேன்."

நடுக்கூடத்துக்குள் அப்பா போனதில்லை என்று சொல்ல முடியாது. தரை கழுவப் போயிருக்கிறார். மேலத்தெருச் சவப்பெட்டியைக் கடைசி ஜெபத்துக்குப் பிறகு தூக்கப் போயிருக்கிறார். கையில் மெழுகுதிரியோடு, பூசை கேட்கப் போனதில்லை.

"ஐயா சொன்னாச் சரி" என்றார்.

"கிணறு?" என்றேன்.

நாட்டாமை சிரித்தார். "ஒங்கப்பனுக்கு நடுக்கூடத்தையே கொடுத்துட்டேன். நீ இன்னும் வாளியப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறியே தாயி." அவர் போய்விட்டார். அப்பா வீட்டுக்குள் போய், கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அதை எங்கே துவைப்பது என்று சற்று நேரம் யோசித்துக்கொண்டு நின்றார்.

எனக்கும் அந்தப் பூசை வேண்டும். இதை மறைத்து வீரம் பேச நான் தயாரில்லை. ஆத்தா பெயரை மைக்கில் வாசிக்கும்போது முழங்காலில் நின்று அழ வேண்டும் என்று ராத்திரிகளில் நினைத்துக்கொண்டுதான் தூங்கினேன். அவளுக்கென்று அழ எங்களுக்கு ஒரு இடம்கூட இல்லை.

அதனால்தான் அன்றைக்கே சாக்கோட்டைக்குப் போகாமல், சாயங்காலம் சாமியாரிடம் போனேன். அவர் கோயிலுக்குள் தனியாகப் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெற்கு வாசல் வழியாக நுழைந்து கிராதிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"சாமி, அருளாயி அத்தைக்கு வாந்திபேதி."

துணியைப் பிழிந்துகொண்டிருந்த கை நின்றது. "நிச்சயமா?"

"எங்க ஆத்தாளப் பார்த்தவ நான்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பீடத்தைப் பார்த்தபடி பேசினார். "மூணு மாசமா, ஆண்டவர் உங்களோடு இருப்பாராகன்னு கையை விரிச்சுக் காலிப் பெஞ்சுகளப் பார்த்துச் சொல்றேன். பதில் சொல்ல ஆளில்ல. நானே சொல்லிக்கிறேன். அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது, சலேத்து."

"நாளைக்கு ஆளு இருப்பாக. நாளன்னைக்கு எத்தனை பேரு இருப்பாகன்னு தெரியாது. பந்தல்ல எங்களுக்குன்னு தனியா ரெண்டு பானை வச்சிருக்காக, பாத்தீகளா? அதுல ஊருணித் தண்ணி. குழந்தைக குடிக்கும்."

"பானைய எடுக்கச் சொல்றேன்."

"இன்ஸ்பெக்டரு ஊர் முழுக்கன்னு சொன்னப்ப ஏன் சாமி சும்மா இருந்தீக?"

"உண்மையச் சொல்லியிருந்தா இந்தக் கதவு தொறந்திருக்காது."

"கிணறு தொறந்திருக்கும்."

அவர் எழுந்து கிராதியண்டை வந்தார். கண் சிவந்திருந்தது. "ஒண்ணு செய்வோம். விடியுறதுக்குள்ள வண்டி அனுப்புறேன். உங்க அத்தையச் சத்தமில்லாம காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. பானையையும் எடுத்துருவேன். பூசை முடிஞ்ச கையோட நானே போய் இன்ஸ்பெக்டரப் பார்த்து எல்லாத்தையும் சொல்றேன். கிணத்தையும் சேத்து. பூசை மட்டும் நடக்கட்டும்."

நான் ஒப்புக்கொண்டேன். நல்ல மனிதர் சொல்கிறார், அத்தைக்கு வண்டி வருகிறது, ஆத்தாவுக்குப் பூசையும் நடக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

விடிந்தது. வண்டி வரவில்லை.

அத்தையை வெளியே எடுத்துக் கிடத்தி, பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் குரல் போய்விட்டது. கண் உள்ளே இறங்கி, விரல் நுனியெல்லாம் நெடுநேரம் தண்ணீரில் ஊறியது போலச் சுருங்கியிருந்தது. கிள்ளினால் தோல் அப்படியே நின்றது. முதல் மணி அடித்த பிறகு கோயில் பக்கமிருந்து வந்த ஒருத்தி சொன்னாள்: வண்டி ரயிலடிக்குப் போயிருக்கிறதாம், நாட்டாமையின் சம்மந்தகாரர்களை ஏற்றிவர. சாமியார் கேட்டாராம். திரும்பி வந்ததும் அனுப்பலாம் என்றார்களாம். அவரும் சரியென்றாராம்.

"பந்தல்ல பானை இருக்கா?"

"இருக்கே. மூடி போட்டு, மேல டம்ளர் வச்சு. அழகா இருக்கு."

தெரு முழுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. தலையில் முக்காடு, கையில் ஜெபமாலை, குழந்தைகளுக்குச் சாயம் போகாத சட்டை. எதிர்வீட்டுச் சவரியாயி புதுச்சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தியெடுத்தாள். நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். என்னைக் கண்டதும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "காலையில வெறும் வயித்துல காப்பித்தண்ணி குடிச்சேன், அதான்" என்றாள். நன்மை வாங்கப் போகிறவள் காலையில் ஒன்றும் குடிக்கமாட்டாள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள்.

நான் எழுந்தேன். அத்தை பக்கத்தில் கஞ்சிப் பாத்திரத்தை வைத்து, கோயிலுக்கு வராத ஒரு கிழவியைக் கூட்டிவந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னேன். எங்கள் வீட்டுக்குள் போய்ச் செருப்பை மாட்டினேன்.

அப்பா வாசலில் நின்றார். சவரம் செய்து, தலையைப் படிய வாரி, அந்த வேட்டியைக் கட்டியிருந்தார். கையில் மெழுகுதிரி. உருகிவிடாமல் இருக்க வெற்றிலையில் சுற்றிப் பிடித்திருந்தார். என் காலைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எங்க?"

"சாக்கோட்டைக்கு. இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு."

"பூசை முடிஞ்சு போ."

"சவரியாயிக்கும் வந்துருச்சு, அப்பா. அவ கூட்டத்துக்குள்ள போய்க்கிட்டு இருக்கா. ஜீப்பு வந்தாத்தான் கூட்டம் நிக்கும். அத்தை மத்தியானம் வரைக்கும் தாங்க மாட்டா. அவளுக்குக் குழி வெட்டணுமா?"

அவர் அடிபட்டவர் போலத் தடுமாறினார். பிறகு மெதுவாக, யாரோ சிறுபிள்ளையிடம் பேசுவது போலச் சொன்னார்: "இந்நேரம் போனீன்னா பிரசங்கத்துக்குள்ள ஜீப்பு வந்துரும். பேரு வாசிக்கிறது பிரசங்கத்துக்கு அப்புறம், தாயி."

"தெரியும்."

"ஒங்காத்தா பேரு மொதப் பேரு."

"தெரியும் அப்பா."

"மறுபடி தொறக்க எத்தனை மாசமாகுமோ. நீ போய்ச் சொன்னேன்னு தெரிஞ்சா இந்தத் தெருவே நம்மளச் சேக்காது. அங்குட்டும் இல்ல, இங்குட்டும் இல்ல. வேலையும் போயிரும்."

"போகட்டும்."

"ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் கழிச்சுப் போ. நான் ஒண்ணுமே கேட்டதில்ல உன்கிட்ட."

உண்மை. அவர் என்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை. வயலுக்கு வா என்றுகூடக் கேட்டதில்லை. மற்றவர்கள் பெண்ணைக் கட்டிக்கொடுத்தபோது அவர் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். ஆனால் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. வண்டி வராது என்று தெரிந்த நிமிஷத்திலேயே எல்லாவற்றையும் யோசித்து முடித்திருந்தேன். சாமியார் கையை விரித்துச் சொல்லப்போகிற வார்த்தைக்கு இன்று பதில் வரும். பதில் சொன்ன வாய்கள் வெளியே வந்து பானையில் மொண்டு குடிக்கும்.

"பானைத் தண்ணியக் குடிக்காதீக" என்றேன். "யாரையும் குடிக்க விடாதீக. உடைச்சுப் போடுங்க."

இரண்டாம் மணி அடித்தது. காற்று எங்கள் பக்கம் இருந்ததால் தெளிவாகக் கேட்டது. அப்பா வாசற்காலில் ஒரு கையை ஊன்றி வழியை மறித்துக்கொண்டு நின்றார். அடிக்க ஓங்கிய கை அல்ல. விழாமல் பிடித்துக்கொண்ட கை. அதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. குனிந்து, அந்தக் கைக்குக் கீழே நுழைந்து, வெளியே நடந்தேன்.